பழைய கட்டு வீட்டுக்கு ஏற்ற, விலை குறைந்த ரூட்டர் எது?

கல்லிடைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு உள்ளூர்க் கேபிள்காரர் வழியாக ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறோம். நொடிக்கு 100 மெகாபிட் திட்டம். இணைப்புக் கொடுத்த அன்று மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டிதான் இன்றுவரை மோடமாகவும் வைஃபை ரூட்டராகவும் தரைவழித் தொலைபேசியின் இணைப்பாகவும் இருந்து வருகிறது. பெட்டி இருக்கும் தார்சாவில் (வாசலை ஒட்டிய முன்பகுதியில்) உட்கார்ந்தால் குறை ஒன்றும் இல்லை. உள்ளே போகப் போக இணையம் தேய்ந்துகொண்டே வந்து, நான் வேலை பார்க்கும் இடத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

வீட்டின் அமைப்பைச் சொல்லாமல் ஆலோசனை கேட்பது முறையாகாது. தார்சா, பட்டாசல் (கூடம்), இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 90 அடி நீளம் போகும் பழைய வீடு இது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய சுவர்கள் ஒன்றரை அடிக் கனம் இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கின்றன. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கும் என் மேசை இரண்டாம் கட்டில் இருக்கிறது. மாமனார் பட்டாசலில் தொலைக்காட்சி பார்ப்பார். மகன் மச்சில் (மாடியில்) படிக்கிறான். மாலை நேரத்துக் காணொளிக் கூட்டங்களில் என் குரல் விட்டு விட்டுக் கேட்பதாக அலுவலகத்தில் ஒவ்வொரு வாரமும் சொல்கிறார்கள். இதனால் வேலைக்கே கேடு வந்துவிடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பெட்டியை மாற்றித் தரும்படி கேட்டதற்கு, பெட்டியில் பழுது இல்லை, வேண்டுமானால் வெளியில் நல்ல ரூட்டராக வாங்கிக்கொள்ளுங்கள் என்று இணைப்புக் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். 3,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். அவசியம் என்றால் 4,000 வரை போகலாம். வெள்ளைப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிய ரூட்டரை அந்த இடத்திலேயே வைக்கலாமா? கழற்றினால் தொலைபேசி என்ன ஆகும்? கடையில் ஆறு ஆன்டெனா உள்ள ஒன்றைக் காட்டி, எந்தச் சுவரையும் தாண்டும் என்று சொன்னார்கள், அதை நம்பலாமா? மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் என்பதையும் கருத்தில் கொண்டு, விவரம் அறிந்த அண்ணாச்சிமாரும் அக்காமாரும் வழி சொல்ல வேண்டும்.

வண்ணார்பேட்டை கம்பிக்காரன்:

வணக்கம் தங்கச்சி. அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் வலையமைப்புப் போட்டுக் கொடுப்பது என் தொழில். ரூட்டர் எது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். பணத்தை எடுப்பதற்கு முன்னால் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளைப் பெட்டியைக் கழற்ற முடியாது. அதன் பெயர் ஓ.என்.டி. கண்ணாடி இழை வழியே ஒளியாக வரும் தகவலை மின்குறியாக மாற்றும் வேலை அதனுடையது; அதன் வரிசை எண் நிறுவனத்தின் மையக் கருவியில் பதிவாகியிருக்கும். கடையில் விற்கும் சாதாரண ரூட்டரில் ஃபைபர் செருகும் துளையே கிடையாது. ஆகவே ஓ.என்.டி. அதே இடத்தில் இருக்கும், தொலைபேசியும் அதிலிருந்தே வரும், புதிய ரூட்டர் அதன் பின்னால் ஒரு லேன் கம்பியில் (வீட்டுக்குள் கருவிகளை இணைக்கும் வலையமைப்புக் கம்பியில்) சேரும்.

அடுத்து, சோதனை. மடிக்கணினியை ஓ.என்.டி.யின் முதல் லேன் துளையில் கம்பியால் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள். முதல் துளை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: விலை மலிவான ஓ.என்.டி.கள் பலவற்றில் ஒரு துளை மட்டுமே கிகாபிட் (1000 மெகாபிட்), மற்றவை 100 மெகாபிட். கம்பியிலேயே வேகம் வரவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து ரூட்டர் வாங்கினாலும் பயன் இல்லை. அது நிறுவனம் சரிசெய்ய வேண்டிய குறை. கம்பியில் சரியாக வந்தால், அதே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வைஃபையில் அளவுங்கள். பிறகு பட்டாசல், இரண்டாம் கட்டு, மச்சு என்று நீங்கள் உண்மையில் உட்காரும் இடங்களில் அளவுங்கள். கதவுகளைச் சாத்தி வைத்து ஒரு முறை, திறந்து வைத்து ஒரு முறை பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் பாருங்கள். உலாவியில் ஓ.என்.டி.யின் பக்கத்தைத் திறந்தால் (பெரும்பாலும் 192.168.1.1) ஒளியின் பெறுதிறன் என்று ஓர் எண் இருக்கும். நம் ஊர்களில் வரும் ஜிபான் என்னும் வகை ஃபைபர் இணைப்பில் அது கழித்தல் 8-க்கும் கழித்தல் 27 டிபிஎம்முக்கும் (ஒளியின் வலுவை அளக்கும் அலகு) இடையில் இருக்க வேண்டும். கழித்தல் 27-ஐ நெருங்கிவிட்டால் இழை எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஆடி மாதக் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் ஆடும் இழைகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதைச் சரி செய்யாமல் ரூட்டர் மாற்றுவது வீண் செலவு.

கடைசியாக, குரல் விட்டு விட்டுக் கேட்பதற்குக் குறைந்த வேகம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. மகன் ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) கொடுத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 10, 15 மில்லிநொடியில் வரும் பதில், ஏற்றும்போது 300, 400 என்று தாவினால், தகவல் பொட்டலங்கள் வரிசையில் தேங்குகின்றன என்று பொருள். இந்த எண்களோடு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.

கல்லிடைக்காரி:

மிக்க நன்றி அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடியே நானும் மகனும் சேர்ந்து அளந்தோம். கம்பியில் 94 மெகாபிட் வருகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் வைஃபையில் 38, பட்டாசலில் 17, இரண்டாம் கட்டில் 4 அல்லது 5, மச்சில் அதற்கும் கீழே. கதவைத் திறந்தால் பட்டாசலில் சிறிது கூடுகிறது, இரண்டாம் கட்டில் மாற்றம் தெரியவில்லை. ஒளியின் பெறுதிறன் கழித்தல் 21. கம்பியில் பிங் 12 மில்லிநொடி. கோப்பு ஏற்றும்போதும் 30-ஐத் தாண்டவில்லை. இரண்டாம் கட்டில் வைஃபையில் மட்டும் அது நூற்றுக்கணக்கில் ஏறி இறங்குகிறது. பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் என்ற பேச்சே அந்தப் பக்கத்தில் இல்லை.

பாளை விரிவுரையாளர்:

வணக்கம். பாளையங்கோட்டையில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறேன். அண்ணாச்சி கேட்ட எண்களே பாதி விடையைச் சொல்லிவிட்டன. இழை நன்றாக இருக்கிறது. 94 என்பது 100 மெகாபிட் துளை வழியாகக் கிடைக்கக்கூடிய உச்சம், ஆகையால் திட்டத்தின் வேகம் முழுவதும் வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று பெட்டியின் பழைய வைஃபை, மற்றொன்று உங்கள் வீட்டுச் சுவர்கள். முதல் குறையை ரூட்டர் தீர்க்கும். இரண்டாவதைத் தனி ஒரு ரூட்டர் தீர்க்காது.

முதல் குறையை விளக்குகிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டிய தெருவில், இரண்டு பக்கத்து வீடுகளின் பெட்டிகளும் எதிர் வரிசையின் பெட்டிகளும் அந்த மூன்று தடங்களையே பங்கிட்டுக்கொள்கின்றன. மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் நெரிசல் கூடுகிறது. உங்கள் மாலைக் கூட்டங்கள் மட்டும் தடைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் மிகுதி. 2018-இல் இந்திய அரசு அந்த அலைவரிசையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் இடத்தை மேலும் விரிவாக்கியது. ஆனால் அந்த அலை கனத்த சுவரை ஊடுருவுவதில் 2.4-ஐ விட வலு குறைந்தது. காரைச் சுவர் மழைக்காலத்தில் ஈரம் ஏறியிருந்தால் இன்னும் மோசம். ஆகவே 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள ரூட்டரை வாங்கித் தார்சாவிலேயே வைத்தால், பட்டாசலுக்கு நல்ல வேகம் கிடைக்கும். இரண்டாம் கட்டின் நிலைமை மாறாது. கடைக்காரர் காட்டிய ஆறு ஆன்டெனா ரூட்டரும் இதற்கு விலக்கு இல்லை. ஆன்டெனாவின் எண்ணிக்கை சுவரைத் துளைக்கும் வலுவைக் காட்டுவதில்லை. ரூட்டர் உரக்கக் கத்தினாலும், கைப்பேசியின் சிறிய ஆன்டெனா திருப்பிப் பேசும் குரல் ரூட்டருக்குக் கேட்க வேண்டும் அல்லவா? உரையாடல் இரு பக்கமும் நடந்தால்தான் இணைப்பு நிலைக்கும்.

எனவே நான் சொல்வது இது: புதிய ரூட்டரைத் தார்சாவில் வைக்காதீர்கள். ஓ.என்.டி.யிலிருந்து ஒரு லேன் கம்பியை இரண்டாம் கட்டுக்கு இழுத்து, ரூட்டரை அங்கே உங்கள் மேசைக்கு அருகில் வையுங்கள். லேன் கம்பி 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும். உங்களுக்குத் தேவை 25 மீட்டருக்குள். மேசைக் கணினியை அந்த ரூட்டரில் கம்பியாலேயே இணைத்துவிட்டால் அலுவலகக் கூட்டத்துக்கு வைஃபையே வேண்டாம். தார்சாவும் பட்டாசலும் பழைய பெட்டியின் வைஃபையில் தொடரட்டும். மாமனாரின் தொலைக்காட்சிக்கு 17 மெகாபிட் தாராளம். மச்சுக்கு இரண்டாம் கட்டின் படிக்கட்டு வழியாக அலை ஏறும் என்று நம்புகிறேன். அங்கே சுவர் ஒன்று குறைகிறது. சுவரில் செருகும் வைஃபை நீட்டிப்பான்களை யாராவது பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். தளர்ந்து வந்த அலையை வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புகிற கருவியில் வேகம் பாதியாகக் குறையும். மெஷ் என்ற பெயரில், சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பவையும் இடையில் கம்பி இல்லாவிட்டால் இதே சுவர்களோடுதான் போராட வேண்டும், விலையும் உங்கள் வரம்பைத் தாண்டும்.

இனி எந்த ரூட்டர் என்பது. பெட்டியின் மேல் ஏசி1200 என்று இருந்தால், அது 2.4-இல் 300, 5-இல் 867 என்ற இரண்டு கோட்பாட்டு வேகங்களின் கூட்டுத்தொகை. எந்தக் கருவியும் இரண்டையும் சேர்த்துப் பெறுவதில்லை. நடைமுறையில் 867-இல் பாதி கிடைத்தாலே நல்லது. உங்கள் 100 மெகாபிட்டுக்கு அதுவே மிகுதி. ஆனால் லேன் துளைகளைக் கட்டாயம் பாருங்கள். ஏசி1200 என்ற அதே முத்திரையோடு 100 மெகாபிட் துளைகள் உள்ளவையும் கிகாபிட் துளைகள் உள்ளவையும் விற்கப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50-இல் துளைகள் 100 மெகாபிட். ஆர்ச்சர் சி6-இல் கிகாபிட். விலை வித்தியாசம் பெரிதில்லை. நாளை 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறினால் முதலாவது உங்களைத் தடுத்து நிறுத்தும். சி6 ஏறத்தாழ 2,500 ரூபாயில் கிடைக்கிறது. ஏசிக்கு அடுத்து வந்த வைஃபை 6 தரத்தில் உள்ள ஆர்ச்சர் ஏஎக்ஸ்10 மூவாயிரத்தை ஒட்டியும் சற்று மேலும் இருக்கும். வீட்டில் உள்ள கைப்பேசிகளும் மடிக்கணினியும் வைஃபை 6 உள்ளவை என்றால் இரண்டாவதை வாங்குங்கள். ஒரே நேரத்தில் பல கருவிகள் பேசும்போது அந்தத் தரம் நேரத்தைத் திறமையாகப் பங்கிடும், டபிள்யூபிஏ3 என்னும் வைஃபை பாதுகாப்பு முறையும் அதில் கட்டாயம். கருவிகள் பழையவை என்றால் சி6 போதும், மிச்சப் பணத்தை நல்ல கம்பிக்குச் செலவிடுங்கள்.

வள்ளியூர் நிரலாளர்:

வணக்கம் அக்கா. கம்பி இழுத்து இரண்டாம் கட்டில் வைப்பது என்பதில் விரிவுரையாளரோடு முழுதும் ஒத்துப்போகிறேன். ஓ.என்.டி.யின் வைஃபையையும் வழிகாட்டும் வேலையையும் (வீட்டுக் கருவிகளுக்கும் இணையத்துக்கும் இடையே தகவலைப் பிரித்து அனுப்புவதை) அப்படியே விட்டுவிடுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் அலுவலகக் கணக்குகளைக் கையாளுகிறவர் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

நிறுவனம் தரும் பெட்டிகளைத் தொலைவிலிருந்தே திறந்து அமைப்புகளை மாற்றுவதற்கு டிஆர்-069 என்ற நெறிமுறை 2004 முதல் இருக்கிறது. உதவிக்கு அது நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டியில் ஓடும் மென்பொருளைப் புதுப்பிப்பது முழுக்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது, மாட்டிய நாளில் இருந்த பதிப்பே கடைசி வரை ஓடும் பெட்டிகளை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். 2016-இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் ரூட்டர்களையும் காமிராக்களையும் கைப்பற்றியது, ஆலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால்தான். 2017-இல், டபிள்யூபிஏ3-க்கு முந்தைய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-இல் கிராக் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, புதுப்பிப்பு வந்த கருவிகள் தப்பின. வராதவை அப்படியே இருந்தன. ஆகவே ரூட்டர் வாங்கும்போது விலை, வேகம் இரண்டோடு, அதற்கு நிறுவனம் எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்புத் தருகிறது என்று அதன் உதவிப் பக்கத்தில் பார்ப்பது அவசியம்.

இதற்காகவே நான் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்னும் மாற்று மென்பொருளை ஏற்கும் ரூட்டர்களைப் பரிந்துரைப்பேன். லின்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரின் மூல நிரல் பொதுவெளிக்கு வந்ததன் விளைவாக, 2004-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. தயாரித்த நிறுவனம் கைவிட்ட பிறகும் அதனால் ஒரு ரூட்டர் பல ஆண்டுகள் பாதுகாப்பாக வாழும். விரிவுரையாளர் சொன்ன சி6-இன் சில பதிப்புகள் அதை ஏற்கும், சில ஏற்காது. ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சில்லுகளை வைத்து விற்பது இந்தத் தொழிலின் வழக்கம் என்பதால், பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் உள்ள வன்பொருள் பதிப்பு எண்ணைக் கடையிலேயே படித்து, ஓப்பன்-டபிள்யூஆர்டி தளத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஃபிளாஷ் (மென்பொருள் பதியும் இடம்) 16 மெகாபைட், நினைவகம் 128 மெகாபைட் இருப்பது நல்லது.

அமைப்பைப் பொறுத்தவரை, ஓ.என்.டி.யைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். அப்போது அது ஒளியை மின்குறியாக்குவதோடு நின்றுகொள்ளும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையத்தில் நுழையும் பி.பி.பி.ஓ.இ. வேலையை உங்கள் ரூட்டர் ஏற்கும். பி.எஸ்.என்.எல். ஃபைபர் இணைப்புகள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. உங்களுடையதும் அப்படித்தானா என்று ஓ.என்.டி.யின் பக்கத்திலேயே தெரியும்.

வண்ணார்பேட்டை கம்பிக்காரன்:

தம்பி சொல்வதில் உள்ள அக்கறை நியாயமானது. ஆனால் இந்த வீட்டுக்குப் பிரிட்ஜ் முறை இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

பிரிட்ஜ் செய்தால் தார்சாவின் வைஃபை நின்றுபோகும், அங்கே இன்னொரு கருவி வாங்க வேண்டி வரும். தொலைபேசிக்குப் பெரும்பாலும் தனி விலான் (அதே இணைப்பில் பிரித்து வைத்த தனித் தடம்) இருப்பதால் அது தொடரும் என்றாலும், மாற்றித் தருகிறவர் கவனமில்லாமல் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் அதுவும் நின்றுபோகும். பிறகு இணைப்பில் எந்தக் கோளாறு வந்தாலும், உங்கள் ரூட்டரில்தான் குறை என்று சொல்லிவிட இடம் கொடுத்ததாகும். கூட்டத்துக்கு நடுவில் இணையம் நின்றால், தங்கச்சி உடனே திரும்பக்கூடிய எளிய அமைப்பு ஒன்று கையில் இருக்க வேண்டும். புதிய ரூட்டரை அணுகுமுனை முறையில் வைத்தால், அதாவது வழிகாட்டும் வேலையை ஓ.என்.டி.யிடமே விட்டுவிட்டு வைஃபையை மட்டும் அது பரப்பினால், அந்த வசதி இருக்கும். வீட்டில் உள்ள அச்சுப்பொறியும் தொலைக்காட்சியும் எல்லாக் கருவிகளுக்கும் தெரியும்.

பிரிட்ஜ் செய்தால் வெளியூரிலிருந்து வீட்டுக் காமிராவைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓ.என்.டி.யின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் அதுவும் நடக்காது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பங்கிடுவதற்காக 2012-இல் ஒதுக்கிய எண்கள் அவை.

பாதுகாப்புக்குத் தம்பி சொன்னதில் பெரும்பகுதியைப் பிரிட்ஜ் இல்லாமலே செய்துவிடலாம். ஓ.என்.டி.யின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கடவுச்சொல் இல்லாமலே வைஃபையில் இணைக்கும் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை இரண்டு பெட்டிகளிலும் அணையுங்கள், அதன் எட்டு இலக்க எண்ணை எளிதில் ஊகிக்கலாம் என்பது 2011-லேயே வெளியானது. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (அமைப்புப் பக்கத்தில் இப்படியே எழுதியிருக்கும்) அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். அலுவலகக் கணினிக்கு நிறுவனம் விபிஎன் (தகவலை மறையாக்கி அனுப்பும் தனி வழி) தந்திருந்தால் கணக்குகள் அதற்குள் பூட்டியே போகும்.

வள்ளியூர் நிரலாளர்:

தார்சாவின் வைஃபை நின்றுபோகும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை அண்ணாச்சி. 3,000 ரூபாய் வரம்புக்குள் அணுகுமுனை முறையே பொருந்தும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த முறையில் வைக்கும்போது ரூட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை) அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்கத் தொடங்கினால் கருவிகள் சில நேரம் இணைந்தும் சில நேரம் இணையாமலும் குழப்பும். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, 2.4-இல் ஒன்று 1-ஆம் தடத்திலும் மற்றொன்று 11-ஆம் தடத்திலும் இருக்கும்படி செய்யுங்கள். தடத்தின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

ராதாபுரம் வாசகர்:

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், மின்சாரம் போகும் அந்த நொடியில் ரூட்டர் அணைந்து மறுபடி எழும் தொல்லை பல வீடுகளில் உண்டு. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் முறை என்று ஒரு தேர்வு இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள். மாறும் இடைவெளி மிகவும் குறையும். இன்வெர்ட்டர் இல்லை என்றால் ரூட்டருக்கென்றே விற்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் ஓ.என்.டி., ரூட்டர் இரண்டின் அடாப்டர்களிலும் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, செருகியின் விட்டமும் பொருந்த வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகளும் வேறு வேறு கட்டில் இருக்கப் போவதால் இரண்டு இடத்திலும் இது தேவைப்படும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாம் கட்டில் மட்டும் வெளிச்சம் இருந்து தார்சாவில் ஓ.என்.டி. அணைந்திருந்தால் இணையம் வராது. இழை வரும் வழியில் உள்ள ஒளிப் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், கேபிள்காரரின் மையத்தில் மின்சாரம் இருந்தால் தெரு முழுதும் இருண்டிருந்தாலும் உங்களுக்கு இணைப்பு இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இரண்டு அடாப்டர்களையும் பிடுங்கிவிடுவது நல்லது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் அதைத் தாங்கும் இரும்புக் கம்பியிலும் உங்கள் வீட்டு மின்கம்பியிலும் லேன் கம்பியிலும் பாயும்.

கல்லிடைக்காரி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டுக் கைப்பேசிகள் பழையவை என்பதால் கிகாபிட் துளைகள் உள்ள ஏசி1200 ரூட்டரையே, பதிப்பு எண்ணைப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். அணுகுமுனை முறையில், இரண்டாம் கட்டில். கம்பியைப் பற்றி ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. சுவரைத் துளைக்க மாமனாருக்கு மனம் இல்லை. முற்றத்தின் ஓரமாக, கூரைச் சரிவின் கீழ் இழுக்கலாமா? எந்தக் கம்பி வாங்க வேண்டும்?

வண்ணார்பேட்டை கம்பிக்காரன்:

சுவரைத் துளைக்க வேண்டிய தேவையே இல்லை தங்கச்சி. பழைய காரைச் சுவரைத் துளைத்தால் பக்கத்துப் பூச்சும் பெயர்ந்து வரும். கதவு நிலையின் மேல் மூலையில் வெளிச்சம் தெரியும் சிறு இடைவெளி பெரும்பாலான கட்டுகளில் உண்டு. அது வழியே போகட்டும். முற்றத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் வெயிலும் சாரலும் படும் என்பதால் அந்த அளவுக்கு ஒரு பிவிசி குழாயில் நுழைத்து விடுங்கள். மின்கம்பிக்கு இணையாக ஒட்டி இழுக்காமல் ஒரு சாண் தள்ளி இழுப்பது நல்லது.

லேன் கம்பியின் தரத்தில் கேட்5இ போதும், கேட்6 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை மலிவாக இருக்கும், ஆனால் மடங்கும் இடத்தில் சீக்கிரம் ஒடியும். 25 மீட்டருக்குப் பதில் 30 மீட்டராக வாங்கி, இரண்டு முனையிலும் ஒரு சுற்று மிச்சம் விடுங்கள். முனை செருகிக் கொடுப்பவரிடம் கம்பிக்குள் உள்ள எட்டுச் செம்பு இழையையும் சேர்க்கச் சொல்லுங்கள். நான்கு இழையை மட்டும் சேர்த்தாலும் இணையம் வரும், ஆனால் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இரண்டு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருக்கட்டும். கம்பியைக் கூரையில் ஆணியடித்துக் கட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் செருகி, ரூட்டரின் பக்கத்தில் அந்த இணைப்பு எந்த வேகத்தில் பேசுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.என்.டி.யின் துளை கிகாபிட் என்றால் அங்கே 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால், முதலில் ஓ.என்.டி.யில் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் மாறாவிட்டால், அந்தத் துளைகள் எல்லாமே 100 மெகாபிட்தானா என்று அதன் மாதிரி எண்ணை வைத்துத் தெரிந்துகொண்ட பின்பே முனையை வெட்டி மறுபடி செருகச் சொல்லுங்கள்.